இரண்டு டன் வண்டி மிதப்பதுபோல் ஓடுவது எப்படி? புதிய 7 சீரிஸை வைத்து ஓர் எளிய விளக்கம்

சொகுசு செடான் ஒன்றின் புரோஷரைப் புரட்டினால் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். ஏர் சஸ்பென்ஷன், 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட், பின்சக்கர ஸ்டீயரிங், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஆக்டிவ் ரோல் ஸ்டெபிலைசேஷன். ஒவ்வொன்றும் தனித்தனி வசதி என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் இவை அத்தனையும் பெரிய உடல், பெரிய எடை என்ற ஒரே பிரச்சினையைச் சமாளிக்க வந்தவை. ஐந்தரை மீட்டர் நீளத்தை நெருங்கும், இரண்டு டன்னைத் தாண்டும் ஒரு வண்டி, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கனம் தெரியாதபடி ஓட வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் புரோஷரில் பாதி தானாகவே புரிந்துவிடும். வாங்கியபின் எது கெடும், ஏன் கெடும் என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு பி.எம்.டபிள்யூ 7 சீரிஸை எடுத்துக்கொள்வோம். 1977இல் தொடங்கிய வரிசை இது. இப்போது ஓடுவது 2022 ஏப்ரலில் அறிமுகமான ஏழாம் தலைமுறை. நிறுவனத்துக்குள் இதன் குறியீடு ஜி70. இந்தியாவுக்கு 2023 ஜனவரியில் வந்தபோது 740ஐ (740i) பெட்ரோல் மாடலின் ஷோரூம் விலை 1.70 கோடி ரூபாய். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஆலையில் உருவாகும் வண்டி என்றாலும், 740ஐ நம் சிங்கப்பெருமாள்கோவிலை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில்தான் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்படுகிறது.

'புது மாடல்' என்ற சொல்லை ஷோரூமில் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். அதில் இரண்டு வகை உண்டு. விளக்கு, பம்பர், திரை ஆகியவற்றை மட்டும் மாற்றி, அடிச்சட்டத்தை அப்படியே விட்டுவைப்பது ஃபேஸ்லிஃப்ட். உடல் கூடு, சஸ்பென்ஷன், மின்சார அமைப்பு எல்லாம் புதிதாக வந்தால்தான் புதிய தலைமுறை. முந்தைய ஜி11, ஜி12 வண்டிகள் 2015இல் வந்தன. 2019இல் அவற்றுக்கு ஃபேஸ்லிஃப்ட் நடந்தது. 2022இல் ஜி70 வந்தது. பழைய வண்டி வாங்குபவருக்கு இந்தக் குறியீடு முக்கியம். ஒரே '7 சீரிஸ்' பெயரில் இருந்தாலும் ஜி12இன் ஏர் ஸ்பிரிங் ஜி70க்குப் பொருந்தாது. உதிரிபாகம் கேட்கும்போது மாடல் பெயரையோ வருடத்தையோ சொல்லாமல், சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுப்பதுதான் சரியான வழி. சரியான பாகத்தைத் தேடி எடுக்க அது போதும்.

ஏன் இவ்வளவு பெரிதானது?

ஜி70இன் நீளம் 5391 மி.மீ., அகலம் 1950, உயரம் 1544. முன்பு குட்டை, நெடுசு என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. இப்போது நெடுசு மட்டும்தான். அந்தப் பழைய நெடு வடிவத்தோடு ஒப்பிட்டாலும் இது 130 மி.மீ. நீளம், 48 மி.மீ. அகலம், 51 மி.மீ. உயரம் கூடுதல். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 5 மி.மீ. மட்டுமே கூடி 3215 மி.மீ. ஆகியிருக்கிறது. ஆக, கூடிய நீளத்தில் பெரும்பகுதி சக்கரங்களுக்கு வெளியே, மூக்கிலும் வாலிலும் இருக்கிறது. பின் சீட்டில் கால் நீட்ட இடம் பதின்மூன்று சென்டிமீட்டர் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உயரம் கூடியதற்கு முக்கியக் காரணம் பேட்டரி. பெட்ரோல் 740ஐ, முழு மின்சார ஐ7 (i7) இரண்டுமே ஒரே உடல் கூட்டில் வருகின்றன. ஐ7இன் பேட்டரி சுமார் 11 செ.மீ. தடிமனில் தரைக்குக் கீழே படுத்திருக்கிறது. அதற்கு இடம் விட்டால் தரை மேலே ஏறும், தரை ஏறினால் சீட் ஏறும், சீட் ஏறினால் கூரையும் ஏறியாக வேண்டும். பெட்ரோல் வண்டி வாங்குபவரும் அந்தப் பேட்டரிக்கான உயரத்தைச் சுமந்துகொண்டுதான் போகிறார். அதில் ஒரு லாபமும் உண்டு. முட்டி வலி உள்ளவர்கள் பழைய வண்டியைவிட இதில் ஏறி இறங்குவது சுலபம்.

வேகம் என்றால் என்ன?

740ஐயில் இருப்பது 2998 சிசி, ஆறு சிலிண்டர், டர்போ பெட்ரோல் இன்ஜின். சுமார் 380 குதிரைத்திறன், 520 நியூட்டன் மீட்டர் டார்க், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை 5.4 விநாடியில் தொடுகிறது.

குதிரைத்திறன், டார்க் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். டார்க் என்பது சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை. நின்ற வண்டி நகரும்போதும், லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் முதுகில் உணர்வது அதைத்தான். அந்த முறுக்கை எவ்வளவு வேகம்வரை விடாமல் கொடுக்க முடிகிறது என்பதே குதிரைத்திறன். நம் சாலையில் 40இல் இருந்து 80க்குப் போவதுதான் அன்றாடத் தேவை. அங்கே உதவுவது குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் டார்க். 250 கி.மீ. உச்ச வேகம் பேச்சுக்கு மட்டும்தான் பயன்படும்.

டர்போ இன்ஜினுக்கு ஒரு குறை உண்டு. மிதித்தவுடன் புகைப்போக்கிக் காற்று டர்போவைச் சுழற்றி அழுத்தம் ஏறுவதற்கு ஒரு கணம் ஆகும். கனமான வண்டியில் அந்தத் தயக்கம் இன்னும் தெரியும். அங்கேதான் 48 வோல்ட் வருகிறது.

கியர்பாக்ஸுக்குள்ளேயே ஒரு சிறு மின் மோட்டார் பொருத்தியிருக்கிறார்கள். 18 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர்வரை. டர்போ விழித்தெழும்வரை தள்ளிவிடுவது, சிக்னலில் அணைந்த இன்ஜினை உதறல் இல்லாமல் மறுபடி கிளப்புவது, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையைப் பேட்டரியில் சேர்ப்பது, இவைதான் அதன் வேலை. பெயரில் ஹைபிரிட் இருப்பதால் பெட்ரோல் இல்லாமல் ஊருக்குள் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிளக்கில் செருகும் வேலையும் கிடையாது.

ஏன் 48? கணக்கு எளிது. 3 கிலோவாட் மின்சாரத்தை 12 வோல்ட்டில் அனுப்ப 250 ஆம்பியர் வேண்டும். விரல் தடிமனுக்குக் கேபிள் இழுக்க வேண்டிவரும். 48 வோல்ட்டில் அதே வேலைக்கு 62.5 ஆம்பியர் போதும். இன்னொரு காரணம் பாதுகாப்பு. 60 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னோட்டம் போனால் அதை உயர் அழுத்தமாகக் கருதித் தனிக் காப்பு, தனிப் பயிற்சி எல்லாம் வேண்டும். ஐ7இல் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஓடுவது அதனால்தான். அந்த நிறத்தைக் கண்டால் வெளி மெக்கானிக் யாரும் கை வைக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் வழக்கமான 12 வோல்ட் பேட்டரி வண்டியில் இருக்கத்தான் செய்கிறது. சொகுசு கார்களில் விசித்திரமான எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மூன்று நான்கு வாரம் வண்டியை எடுக்காமல் நிறுத்துவதானால் ஏஜிஎம் வகைக்கு (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் பேட்டரி) ஏற்ற சார்ஜரை மாட்டிவைப்பது நல்லது. பேட்டரி மாற்றினால், புதியது போட்டிருக்கிறோம் என்று வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் பழைய, களைத்த பேட்டரிக்கு ஏற்றும் அதே கணக்கில் புதியதற்கும் சார்ஜ் ஏற்றும். அதன் ஆயுள் பாதியிலேயே போய்விடும். பேட்டரிக் கடையில் மாற்றினால் விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் பதிவு செய்யும் கருவி அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

காற்றின் மேல் உட்காரும் வண்டி

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஜி70இல் நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன் எல்லா மாடலிலும் உண்டு.

சாதாரண வண்டியில் சுருள் இரும்பு ஸ்பிரிங் இருக்கும். ஓட்டுநர் தனியாகப் போகும்போது ஒரு உயரம். பின்னால் மூன்று பேர் ஏறி, டிக்கியில் பெட்டிகளும் அடுக்கினால் வண்டி அமுங்கும். ஸ்பிரிங்கை விறைப்பாகச் செய்தால் அமுங்காது, ஆனால் தனியாகப் போகும்போது தூக்கிப் போடும். மென்மையாகச் செய்தால் சுகமாக இருக்கும், சுமையோடு போகும்போது தரை தட்டும். ஏர் சஸ்பென்ஷனில் அந்த இரும்புச் சுருளுக்குப் பதில் தடித்த ரப்பர் பை ஒன்றில் அழுத்தக் காற்று. சுமை ஏறினால் சென்சார் உயரம் குறைந்ததைக் கண்டுபிடிக்கும், கம்ப்ரஸர் காற்றைச் சேர்க்கும், வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். அழுத்தம் கூடும்போது விறைப்பும் சேர்ந்தே கூடுவதால், ஒருவர் போனாலும் ஐவர் போனாலும் வண்டி ஆடும் விதம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே நீக்கிவிடலாம். காற்றுப் பை வேறு, ஷாக் அப்சார்பர் வேறு. பை வண்டியைத் தாங்குகிறது. ஏறி இறங்கியபின் வரும் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். தார் பெயர்ந்த குழியின் கூரான விளிம்பில் 'டக்' என்று வரும் அடியை ஏர் சஸ்பென்ஷன் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. அது டயரின் பக்கச் சுவர் வாங்க வேண்டிய அடி.

பட்டனை அழுத்தினால் வண்டியை 20 மி.மீ. உயர்த்தலாம். வேகம் எடுத்தால் தானாக இறங்கிவிடும். உயர்வதற்குச் சில விநாடிகள் ஆகும் என்பதால், ஸ்பீட் பிரேக்கர் கண்ணில் பட்டவுடன் அழுத்த வேண்டும், மேலே ஏறிய பிறகு அழுத்திப் பயனில்லை. உயர்த்திய நிலையில் வேகமாக ஓட்டுவதும் தவறு. சக்கரம் கீழே தொங்குவதற்கு அப்போது இடம் குறைவு. மேட்டைத் தாண்டும்போது சஸ்பென்ஷன் எல்லையில் போய் இடிக்கும் சத்தம் கேட்கும்.

3.2 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டிக்கு ஸ்பீட் பிரேக்கரில் ஆபத்து முன் பம்பருக்கு அல்ல, நடு வயிற்றுக்கு. முன்சக்கரம் தாண்டி இறங்கியபின், பின்சக்கரம் ஏறுவதற்கு முன், மேடு வண்டியின் நடுவுக்கு நேர் கீழே வருகிறதே, அந்தக் கணம்தான் உரசும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், அதில் எந்தத் தொல்லையும் இல்லை. தெருவாசிகள் தாங்களாகவே கொட்டிய செங்குத்துக் கான்கிரீட் மேடுகள்தான் அடியைக் கிழிக்கும். அங்கே வண்டியைச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

இந்த அமைப்பு எப்படிக் கெடுகிறது? பெரும்பாலும் ரப்பர் பையில் தொடங்குகிறது. பை மடியும் இடத்தில் மண் சேர்ந்து தேய்க்கும், வெயிலிலும் வயதிலும் ரப்பர் வெடிப்பு விடும், ஊசி முனை அளவுக்குக் கசிவு வரும். அந்தக் கசிவு வண்டியை உடனே நிறுத்தாது. கம்ப்ரஸர் அடிக்கடி ஓடிக் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் அப்படி ஓடிச் சூடேறிக் கடைசியில் கம்ப்ரஸரே போகும். இன்னொன்று ஈரம். உள்ளே இழுக்கும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச ஒரு சிறு உலர்த்தி இருக்கும். கடற்கரை ஊர்களில் அது சீக்கிரம் நிறைந்துவிடும். பிறகு ஈரம் வால்வுகளுக்குள் போய்த் துரு பிடிக்கவைக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு அளவு டேப் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். அணைத்தபிறகும் வண்டி தன் உயரத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். பிறகு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே, மட்கார்டின் விளிம்புவரை அளந்து, நான்கு மூலைக்கும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை மீண்டும் அளக்க வேண்டும். முக்கியம்: கதவைத் திறக்கும் முன், ரிமோட்டைக்கூட அழுத்தாமல் அளக்க வேண்டும். கதவு திறந்தால் அமைப்பு விழித்துக்கொண்டு, இறங்கிய மூலையை உயர்த்திவிடும், தடயம் அழிந்துபோகும்.

நான்கு மூலையும் சில மில்லிமீட்டர் சமமாக இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். பகல் 35 டிகிரி, இரவு 25 டிகிரி என்றால் காற்றின் அழுத்தமே மூன்று சதவீதம் குறையும். ஒரு மூலை மட்டும் ஒரு செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பை, அல்லது அதற்குப் போகும் குழாயின் இணைப்பு. ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியிருந்தால் காற்றை ஒவ்வொரு பைக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். உறுதி செய்ய, உயர்த்திய நிலையில் வைத்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பையின் மடிப்பிலும் மேல் இணைப்பிலும் தெளித்தால் குமிழி வரும். டயர் பஞ்சர் பார்க்கிற அதே முறைதான்.

வெறும் காற்றின் பலத்தில் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையை விடக் கூடாது. ஜாக் போடும் முன் சஸ்பென்ஷனை நிறுத்திவைக்கும் முறை கையேட்டில் இருக்கும், அதைச் செய்துவிட்டு, ஸ்டாண்டும் வைத்த பிறகே குனிய வேண்டும். ஒரு மூலை முழுதாக உட்கார்ந்துவிட்டால் 'மெதுவாகப் போய்விடலாம்' என்று ஓட்டாதீர்கள். டயர் மட்கார்டில் உரசிக் கிழியும். தட்டையான மேடை உள்ள மீட்பு வண்டியைத்தான் அழைக்க வேண்டும்.

நீளத்தை மறைப்பது

பின்சக்கரமும் திரும்பும் வசதி 7 சீரிஸில் அதிகபட்சம் 3.5 டிகிரி. குறைந்த வேகத்தில் முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் திரும்பி, யூ-டர்ன் எடுக்கும் இடத்தைச் சுருக்கும். அதிவேகத்தில் அதே திசையில் திரும்பி, லேன் மாறும்போது வால் ஆடாமல் பிடிக்கும். பார்க்கிங்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுவரை ஒட்டி நிறுத்திய வண்டியை ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து எடுத்தால் பின்பகுதி சுவரை நோக்கிச் சற்றே நகரும். பழகாத ஓட்டுநர்கள் பின் பம்பரை உரசுவது இப்படித்தான். வீல் அலைன்மென்ட்டுக்கும் தெருமுனைக் கடை போதாது. பின்சக்கர மோட்டாரை நடு நிலைக்குக் கொண்டுவரக் கணினி வேண்டும். எல்லா மாடலிலும் இந்த வசதி வருவதில்லை, எனவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டயர்

255/45 ஆர்20 என்று டயரில் எழுதியிருந்தால், அகலம் 255 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது சுமார் 115 மி.மீ., ரிம் 20 இஞ்ச். 21 இஞ்ச் ரிம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டயரின் மொத்த உயரம் மாறாமல் ரிம் ஒரு இஞ்ச் கூடினால் பக்கச் சுவர் 13 மி.மீ. குறையும். குழியில் விழும்போது அந்த 13 மி.மீ. தான் ரிம் வளையாமல் காப்பாற்றுவது. நம் சாலைக்குச் சிறிய ரிம்மே மேல். முன்னும் பின்னும் அகலம் வேறாக இருந்தால் டயரை முன்பின் மாற்றிப் போட முடியாது. பின் டயர் சீக்கிரம் தேயும். சத்தத்தைக் குறைக்கச் சில டயர்களின் உட்புறம் நுரை ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் போடுபவர் அந்த இடத்தில் மட்டும் நுரையை வெட்டி எடுத்து உள்ளிருந்து ஒட்ட வேண்டும். வெளியிலிருந்து குச்சி செருகினால் போதாது.

டயர் செலவு அதிகம் கடிப்பது ஐ7இல். எக்ஸ்டிரைவ்60 மாடலில் 544 குதிரைத்திறன், 745 நியூட்டன் மீட்டர், 100 கி.மீ. வேகத்துக்கு 4.7 விநாடி. ஆனால் எடை 2,600 கிலோவுக்கும் மேல். ஐ7 பேச்சு வந்ததால் சார்ஜ் பற்றியும் சொல்லிவிடலாம். அதன் 101.7 கிலோவாட் மணி பேட்டரியை வேக சார்ஜரில் 10இல் இருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 34 நிமிடம் என்பது 195 கிலோவாட் கொடுக்கும் நிலையத்தில்தான். வீட்டில் 11 கிலோவாட் சார்ஜருக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும். அதிலும் காலியிலிருந்து நிரப்பப் பத்து மணி நேரம் பிடிக்கும்.

பின் சீட்டில்

31.3 இஞ்ச் திரை கூரையிலிருந்து இறங்குவதைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அது இறங்கியிருக்கும்போது ஓட்டுநருக்கு உள் கண்ணாடியில் பின் கண்ணாடி தெரியாது என்பதை யாரும் சொல்வதில்லை. உண்மையான சொகுசு அந்தத் திரையில் இல்லை, 42.5 டிகிரி வரை சாயும் முதுகு, முன் சீட்டை முன்னே தள்ளிக் கால் நீட்டும் வசதி, இரட்டை அடுக்குக் கண்ணாடி தரும் அமைதி, இவற்றில் இருக்கிறது. தானாகத் திறக்கும் கதவு இருந்தால், உங்கள் அடுக்குமாடிப் பார்க்கிங்கில் தூணுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி அதைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். 1950 மி.மீ. அகலத்தில் கண்ணாடிகள் சேரவில்லை.

பெட்ரோலைப் பற்றி ஒரு வரி. இந்த இன்ஜினுக்குப் பரிந்துரைப்பது 95 ஆக்டேன் (பெட்ரோல் முன்கூட்டியே தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு). அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இன்ஜின் உடனே கெடாது, தன் பற்றவைப்பு நேரத்தைத் தள்ளிப்போட்டுத் தப்பித்துக்கொள்ளும். அதற்கு விலையாகக் கொஞ்சம் வேகமும் மைலேஜும் போகும். மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை சதவீத எத்தனால்வரை ஏற்கும் என்று இருக்கும், அதையும் பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் சென்னையில் மூழ்கிய கார்களைப் போல உங்கள் வண்டியும் தண்ணீரில் நின்றிருந்தால், ஸ்டார்ட் பட்டனை அழுத்தவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணீரில் நின்றிருந்ததால் வந்த சேதம் காப்பீட்டில் தேறும். நீங்கள் கிளப்பியதால் இன்ஜின் உடைந்தால் தனியாக 'இன்ஜின் பாதுகாப்பு' எடுத்திருந்தால் ஒழியப் பெரும்பாலும் தேறாது.

டெஸ்ட் டிரைவில் வேகத்தைப் பார்க்காமல் வேறு சிலவற்றைப் பாருங்கள். நான்கு பேராகப் போய், பின் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். பாதி தூரம் மோசமான சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். பழைய வண்டி என்றால் காலையில் முதல் ஆளாகப் போய், யாரும் கதவைத் திறக்கும் முன் நான்கு மூலையும் அளந்துவிடுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது: நீட்டித்த வாரன்ட்டி எத்தனை வருடம், அதில் ஏர் ஸ்பிரிங்கும் கம்ப்ரஸரும் உண்டா, ரப்பர் பாகம் 'தேய்மானம்' என்று ஒதுக்கப்பட்டிருக்கிறதா. பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.